பட்ட காலிலே படும்

செஞ்சியைப் பற்றி எழுதுகிறோம் என்றால் ராஜா தேசிங்கைப் பற்றித்தான் எழுதுவோம் என்று நேயர்கள் எதிர்பார்ப்பது நியாயமே. அந்த வாலிப ராஜாவும், அவனுடைய குதிரையும், 1714-ல் ஆர்க்காட்டு நவாபின் சேனையை எதிர்த்து அவன் உயிர் விட்டதும் தமிழ்நாட்டுத் திண்ணைகளில் தலைமுறை தலைமுறையாகப் பாடப்பட்டு வந்த விஷயங்கள். நாமும் அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள்தாம். ஆயினும் இந்த வாரம் தேசிங்கு நம்மை மன்னிக்க வேண்டும். கோட்டையைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, அதைச் சுற்றி நிற்கும் காட்டைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல உத்தேசித்திருக்கிறோம்.

"செஞ்சியில் காடு ஏது? பாறைதானே இருக்கிறது!" என்பார்கள் சிலர். திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் சாலையில் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே பார்ப்பவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். ராட்சதக் குழந்தை ஒன்று விளையாடிவிட்டு அப்படியே போட்டுப் போன கூழாங்கற்களைப் போலக் குன்று குன்றாகப் பாறைகள் குவிந்து கிடக்கின்றன. 2025 ஜூலை மாதத்தில் யுனெஸ்கோ ஸ்தாபனத்தார் மராட்டியர் காலத்துக் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அங்கீகரித்தார்கள். அவற்றில் பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருப்பவை. மிச்சம் ஒன்று நம் செஞ்சி. அது முதல் கோட்டையைப் பார்க்க வருகிறவர்களுக்கு உற்சாகம் அதிகம். அவர்களும் கல்யாண மகாலையும் நெற்களஞ்சியத்தையும் பார்க்கிறார்கள், மூச்சு வாங்க ராஜகிரியின் மேல் ஏறுகிறார்கள், உச்சியில் நின்று காற்று வாங்குகிறார்கள், இறங்கிவிடுகிறார்கள்.

அப்படி 800 அடி உயரத்தில் நின்று காற்று வாங்கும்போது, பாறைகளைப் பார்க்காமல் பாறைகளுக்கு நடுவே இருக்கும் இடுக்குகளைப் பார்க்குமாறு நேயர்களைக் கேட்டுக் கொள்கிறோம். அந்த இடுக்குகளிலெல்லாம் பச்சை தெரியும். ஒரு கூடை மண்கூடத் தேறாத பிளவில் வேரை விட்டுக்கொண்டு மரங்கள் நிற்கும். தலைக்குத் தேய்த்துக் கொள்ளும் அரப்புப் பொடிக்கு இலை தருகிற உசில் இங்கே உண்டு. திருமாலின் நிறத்துக்கு நம் முன்னோர் உவமை சொன்ன நீலப் பூப் பூக்கும் காயா மரம் உண்டு. உலக்கை செய்யும் அளவுக்கு வைரம் பாய்ந்த உலக்கைப்பாலை உண்டு. இவற்றுக்கு அடியில் களா, காரை, சூரை என்று முள்ளும் பழமுமாகப் புதர்கள். செஞ்சிக்கு அடுத்த பக்கமலைக் காப்புக் காடுகளில், உருண்டைக் கண்ணுடைய தேவாங்கு இன்னும் இரவில் கிளைக்குக் கிளை நடமாடுகிறது.

இவற்றில் எந்த மரமும் ஆகாயத்தை அளாவி நிற்பதில்லை. மேல்நாட்டு வனப் புஸ்தகங்களில் உள்ள படங்களைப் பார்த்துப் பழகியவர்கள் இதைக் காடு என்று ஒப்புக் கொள்ள மாட்டார்கள். ஊரிலேயே கூட "வெறும் புதர்க்காடு" என்றுதான் பேச்சு. குள்ளமாக இருப்பது இந்த மரங்களுக்குக் குறையல்ல. பிழைக்கும் வழி அதுதான். தடித்த தோல் போன்ற இலை, மெதுவான வளர்ச்சி, கனத்த கட்டை, பிளவுக்குள் ஆழமாக இறங்கிய வேர், வெட்டினாலும் ஒடிந்தாலும் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும் சுபாவம் - இத்தனையும் சேர்ந்து, ஒரு பக்கம் புயலும் மறு பக்கம் கோடையும் இருக்கும் பிரதேசத்தில் வாழ்வதற்கென்றே அமைந்தவை. இந்த மரங்கள் தாது வருஷப் பஞ்சத்தைக் கண்ட இனம். 1876 முதல் 1878 வரை மழை பொய்த்து ஜனங்கள் லட்சக்கணக்கில் மாண்ட காலத்தைத் தாண்டி வந்த காடு இது. வங்கக் கடலில் எழுந்த புயல்கள் எத்தனையையோ பார்த்திருக்கிறது.

அப்படியானால் இப்போது என்ன புதிதாக ஆபத்து வந்துவிட்டது?

இதற்குப் பதில் சொல்லக் கோட்டையின் சரித்திரத்திலிருந்தே ஒரு விஷயத்தை எடுத்துக் கொள்கிறோம். (தேசிங்கை விட்டாலும் செஞ்சியின் சரித்திரம் நம்மை விடுவதாக இல்லை!) ஔரங்கசீப்பின் தளபதி ஜுல்பிகர் கான் 1690-ல் இந்தக் கோட்டையை முற்றுகையிட்டான். சிவாஜியின் குமாரர் ராஜாராம் உள்ளே இருந்தார். 1698-ல்தான் கோட்டை விழுந்தது. எட்டு வருஷம் ஒரு கோட்டை எப்படித் தாக்குப் பிடித்தது என்று எல்லோரும் வியக்கிறார்கள். மதில்களின் பலம் ஒரு காரணம். மலைமேல் வற்றாத சுனை இருந்தது மற்றொன்று. மூன்றாவது காரணத்தை அநேகர் கவனிப்பதில்லை. எட்டு வருஷமும் முற்றுகை ஒரே மாதிரி இறுகியிருக்கவில்லை. 1693-ல் மொகலாயப் படை வந்தவாசிக்கே பின்வாங்கிப் போனதுண்டு. அந்த இடைவேளைகளில் உள்ளே இருந்தவர்கள் தானியம் சேர்த்தார்கள், காயம் ஆற்றிக்கொண்டார்கள்.

காட்டுக்கும் இதே கதைதான். புயலால் ஒரு காடு அழிவதில்லை, வறட்சியினாலும் அழிவதில்லை. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே மூச்சு விடும் நேரம் இருந்தால் அது எழுந்துவிடும். நேரம் இல்லாமற் போனால் அதோ கதிதான். "பட்ட காலிலே படும்" என்று நம் பாட்டிமார் சொல்வதை விஞ்ஞானிகள் இப்போது வேறு பாஷையில் சொல்கிறார்கள்.

புயல் அடிக்கும்போது மரம் விழுவது காற்றினால் மட்டும் அல்ல. முதலில் மழை பெய்து மண் சேறாகிறது. வேரின் பிடி தளர்கிறது. பிறகு காற்று வந்து ஒரு தள்ளுத் தள்ளுகிறது. விழாமல் நின்ற மரங்களும் தப்பியதாகச் சொல்ல முடியாது. கிளை முறிந்திருக்கும், மண்ணுக்குள் நம் கண்ணுக்குத் தெரியாமல் சல்லிவேர்கள் அறுந்திருக்கும். அந்த நிலையில் அடுத்த கோடை கடுமையாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மரத்தின் தண்டுக்குள்ளே மயிரிழையைவிட மெல்லிய குழாய்களில் நீர் வேரிலிருந்து இலை வரை அறுபடாத சரடாக நிற்கிறது. மேலே உலர்ந்த காற்று உறிஞ்சுகிறது. கீழே மண்ணில் நீர் இல்லை. அறுந்த வேரினால் இருப்பதையும் எடுக்க முடியவில்லை. சரடு இழுபட்டு இழுபட்டு ஒரு கட்டத்தில் அறுந்து, குழாய்க்குள் காற்றுக் குமிழி புகுந்துவிடுகிறது. குமிழி புகுந்த குழாயில் பிறகு நீர் ஏறாது. இப்படிப் பல குழாய்கள் அடைபட்டால் மரம் நின்ற நிலையிலேயே பட்டுப் போகிறது. புயலில் முறிந்த கிளைகளோ தரையில் சருகாகக் காய்ந்து கிடக்கின்றன. மேலே கவிந்திருந்த நிழல் போனபடியால் வெயில் நேராக உள்ளே இறங்கிப் புல்லையும் உலர்த்தி வைத்திருக்கிறது. அப்புறம் ஒரு பீடித் துண்டு போதும்.

காற்றின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால் அது சுமார் 7 சதவீதம் அதிகமாக நீராவியைத் தாங்குகிறது என்பது பௌதிக சாஸ்திரத்தில் நெடுங்காலமாகத் தெரிந்த உண்மை. தாகம் மிகுந்தவன் கையில் பெரிய சொம்பைக் கொடுத்த மாதிரிதான். மழை இல்லாத நாளில் அவன் மண்ணிலும் இலையிலும் உள்ள ஈரத்தையெல்லாம் கூடுதலாக முகந்து கொள்கிறான். கொட்டும் நாளில் கூடுதலாகக் கொட்டிவிடுகிறான். ஒரே காரணம் வறட்சியையும் பெருமழையையும் சேர்த்துக் கடுமையாக்குகிறது. 2024-ஆம் வருஷம் பூமியின் சராசரி வெப்பம், யந்திர யுகத்துக்கு முன்பு இருந்ததைவிடச் சுமார் ஒன்றரை டிகிரி உயர்ந்திருந்தது. கணக்கெடுக்கத் தொடங்கிய நாள் முதலாக அவ்வளவு வெப்பமான வருஷம் அதற்கு முன் இருந்ததில்லை. கடலும் சூடாகிறது, புயலுக்கு ஆகாரமே கடலின் சூடுதான்.

இது எங்கோ நடக்கும் சங்கதி என்று நினைப்பவர்கள் நம் தமிழ்நாட்டுப் பஞ்சாங்கத்தைச் சற்றுப் புரட்டிப் பார்க்கலாம். 2015 நவம்பர், டிசம்பர் மாதங்களில் வெள்ளம். அடுத்த வருஷமே வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்து போயிற்று. அந்தப் பொய்த்த பருவத்தின் நடுவிலேதான், டிசம்பர் 12-ஆம் தேதி, வார்தா புயல் சென்னையில் புகுந்து ஆயிரக்கணக்கான மரங்களை ஒரே பகலில் சாய்த்தது. சரியாக ஒரு மாதம்கூட ஆகவில்லை. 2017 ஜனவரி 10-ல் மாகாணத்தின் எல்லா ஜில்லாக்களும் வறட்சியால் பாதிக்கப்பட்டவை என்று சர்க்கார் அறிவிக்க நேர்ந்தது. புயலும் வறட்சியும் ஒரே பருவத்தில் கை கோத்துக்கொண்டு வந்தன. பிறகு 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வேதாரண்யத்தருகே கரை ஏறித் தஞ்சைத் தரணியின் தென்னைகளோடு கோடியக்கரைக் காட்டையும் முறித்தது. செஞ்சிக் காட்டுக்குக் கோடியக்கரைக் காடு உறவு முறை. அங்கும் பாலைப்பழ மரங்கள்தாம் பிரசித்தம். 2019 ஜூனில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு தரை தெரிந்தது. 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு பெஞ்சல் புயல்.

பெஞ்சலை இந்த ஜில்லாவாசிகள் மறக்க முடியாது. புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்த புயல், வந்த வழியே போகாமல், வீட்டுக்கு வந்த கடன்காரனைப் போலப் பல மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்துகொண்டது. செஞ்சிக்குக் கிழக்கே ஏறத்தாழ 20 மைலில் உள்ள மயிலத்தில் ஒரு நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. பழைய கணக்கில் 20 அங்குலம். விழுப்புரம் வட்டாரத்தில் வருஷம் முழுவதற்கும் சேர்த்தே ஏறக்குறைய இரண்டு மடங்குதான் பெய்வது வழக்கம். செஞ்சிக்கு மேற்கே சுமார் 25 மைலில் உள்ள திருவண்ணாமலையில், டிசம்பர் 1-ஆம் தேதி மலைச்சரிவில் மண்ணும் பாறையும் பெயர்ந்து வீட்டின் மேல் விழுந்து ஏழு பேர் மாண்டார்கள். அவர்களில் ஐவர் குழந்தைகள்.

மரம் அடர்ந்திருந்தால் அந்தச் சரிவு நின்றிருக்கும் என்று நாம் சொல்லத் துணிய மாட்டோம். அவ்வளவு மழையை முழுவதும் தாங்கிக்கொள்ளும் காடு எங்கும் கிடையாது. ஆனால் அதில் பாதி மழைக்கும், கால் மழைக்கும் - அவைதானே அடிக்கடி வருகின்றன - வித்தியாசம் உண்டு. மலையில் காடு இருந்தால் மழை இலையில் விழுந்து, சருகில் ஊறி, வேர் வழியாகப் பிளவுக்குள் இறங்கி, மாதக்கணக்கில் கசிந்து வருகிறது. காடு இல்லாத மலையில் விழுந்த நீர் ஒரு மணி நேரத்தில் ஓடையில் மண்ணோடு இறங்கி ஏரியைத் தூர்த்துவிடுகிறது. செஞ்சி ஆறு என்றும் வராக நதி என்றும் சொல்லப்படும் சங்கராபரணி, இந்த வட்டாரத்து மலைச்சரிவுகளின் தண்ணீரால்தான் ஆறு என்று பெயர் வாங்கி, வீடூர் அணையைக் கடந்து, புதுச்சேரிக்குத் தெற்கே கடலில் சேருகிறது. நாயக்க மன்னர்கள் நீரைத் தேக்கிக் கல்யாண மகாலுக்கு மண் குழாய் வைத்து நீர் கொண்டு வந்த சாமர்த்தியத்தைப் புகழ்கிறோம். மலையில் விழுந்த மழை இன்ன வழியில் இறங்கும் என்று கணக்கிட்டு வைத்தவர்கள் அவர்கள்.

இங்கே பழியை யார் தலையில் போடுவது என்ற கேள்வி எழும். வெள்ளைக்காரர் தலையில் ஒரு பங்கு உண்டு என்பதில் சந்தேகமில்லை. சென்னை ராஜதானியில் 1856-ல் கிளெகார்ன் துரையை வனப் பாதுகாவலராக நியமித்தார்கள். அதே காலத்திலேதான் ரயில் என்ஜின்கள் நம் காடுகளை விறகாக விழுங்கத் தொடங்கின. காட்டுக்குச் சட்டம் 1882-ல் வந்தது. காட்டைக் காப்பதைவிடக் கட்டையைக் கணக்கெடுப்பதில்தான் அந்தச் சட்டத்துக்கு அக்கறை என்பது நம் அபிப்பிராயம். எல்லாம் வாஸ்தவம். ஆனால் சுதந்திரம் வந்து முக்கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. இன்னமும் கிளெகார்ன் துரையையே திட்டிக்கொண்டிருந்தால் செஞ்சிக் குரங்குகள்கூடச் சிரிக்கும்.

நாம் சுயமாகச் செய்த தப்பிதம் ஒன்றுண்டு. காடு என்றால் சீக்கிரம் வளர வேண்டும், ஒரே வரிசையில் நிற்க வேண்டும் என்று நினைத்துவிட்டோம். தைலமரத்தையும் சவுக்கையும் வரிசை வரிசையாக நட்டு, அதற்கும் காடு என்றே பெயர் வைத்தோம். இந்த விஷயத்தில் புயல் ஒரு கண்டிப்பான பரீட்சை அதிகாரி. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியது. பண்ருட்டிப் பக்கத்தில் முந்திரியும் பலாவும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. தகப்பன் வைத்த மரத்தில் மகன் ஜீவித்துவந்த குடும்பங்கள் ஒரே காலையில் கையை விரித்து நின்றன. அதே புயலில் ஆரோவில் நகரவாசிகளுக்கு ஒரு பாடம் கிடைத்தது. 1968-ல் அவர்கள் குடியேறியபோது அது செம்மண் பொட்டல். அவசரத்துக்கு நிழல் வேண்டி, வேகமாக வளரும் ஆஸ்திரேலிய வேல மரங்களை ஏராளமாக வைத்தார்கள். அவற்றின் நிழலில் இந்தக் கடற்கரைக்கே உரிய சுதேசி மரங்களை மெள்ள மெள்ள வளர்த்தார்கள். தானே வந்தபோது ஆஸ்திரேலிய விருந்தாளிகள் கூட்டம் கூட்டமாக விழுந்தார்கள். சுதேசிகள் பெரும்பாலும் நின்றார்கள். (மரங்களிலும் சுதேசியமா என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம்; நடந்ததைத்தான் சொல்கிறோம்.)

ஐரோப்பாவில் நடந்ததும் இதுவே. 1999 டிசம்பரில் லோதார் என்ற புயல் பிரான்ஸ், ஜெர்மனி தேசங்களில் நடப்பட்ட காடுகளை நெற்கதிர் போல் படுக்க வைத்தது. 2018 முதல் வந்த வறட்சியில் மத்திய ஐரோப்பாவின் ஸ்புரூஸ் மரத் தோட்டங்கள் தாகத்தாலும் பட்டைவண்டாலும் காய்ந்து சிவந்து போயின. அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் 2012-ல் தொடங்கிய வறட்சியும் அதன் பின் வந்த வண்டும் சேர்ந்து 12 கோடிக்கு மேற்பட்ட மரங்களைக் கொன்றன. பணத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் குறைவில்லாத தேசங்கள் அவை. ஒரே ஜாதி மரம், ஒரே வயது, ஒரே உயரம் என்றால் ஒரே அடியில் எல்லாம் போய்விடுகிறது.

நம் சர்க்காரார் 2022-ல் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். மாகாணத்தின் பசுமைப் பரப்பைச் சுமார் 24 சதவீதத்திலிருந்து பத்து வருஷத்தில் 33 சதவீதமாக உயர்த்துவது நோக்கம். மிகவும் நல்ல காரியம்; நாற்றுப் பண்ணைகளில் நாட்டு மரங்களுக்கு இடம் கொடுக்க வேண்டும் என்று பேசுவது அதைவிட நல்ல காரியம். ஆனால் மரம் நடு விழாக்களைப் பார்க்கும்போது நமக்கு ஒரு சிறு மனத்தாங்கல் உண்டு. பெரிய மனிதர் வருகிறார், குழி தயாராயிருக்கிறது, கன்றை வைக்கிறார், போட்டோ பிடிக்கிறார்கள், மாலை போடுகிறார்கள். அடுத்த சித்திரையில் அந்தக் கன்றுக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்ற யாரும் வருவதில்லை. இதற்கிடையில், யாரும் நடாமலே, யாரும் நீர் ஊற்றாமலே செஞ்சிக் குன்றுகளின் இடுக்கில் நிற்கிற காயாவும் உசிலும் 'வெறும் புதர்' என்ற பெயரோடு வெட்டுப்படுகின்றன. பாறைப் பிளவில் பிடித்து நிற்கும் காயா நூறு வருஷத்து மரமாக இருந்தாலும் நம் கை தடிமனே இருக்கலாம். அதை எந்த விழாவிலும் நட முடியாது.

காப்பதற்குப் பெரும் செலவு ஒன்றும் இல்லை. புயலில் ஒடிந்த உசில் அடுத்த மழைக்கே அடிக்கட்டையில் துளிர்க்கும். அந்தத் துளிர் ஆட்டின் வாய்க்கு எட்டாத உயரம் போகும் வரை, இரண்டு மூன்று மழைக்காலம், அந்தச் சரிவில் மேய்ச்சலை நிறுத்தி வைத்தால் போதும். ஆடு வளர்ப்பவர்கள் ஏழைகள். அவர்களை விரட்டிக் காட்டைக் காப்பது தர்மமும் அல்ல, நடக்கக் கூடியதும் அல்ல. எந்தச் சரிவை இந்த வருஷம் விடுவது, எதை அடுத்த வருஷம் விடுவது என்று ஊராரும் வன இலாகாவினரும் உட்கார்ந்து பேசினால் தீர்ந்து போகும் விஷயம் இது. ஏரிகளில் எந்தக் குளத்துக்கு என்று மடை திறப்பது என ஊர் கூடி முடிவு செய்துவந்த ஜனங்களுக்கு இது புதிதல்ல. வேலிக்காத்தான் என்கிற சீமைக் கருவேலம் மட்டும் காலி இடத்தைக் கண்டால் ஓடி வந்து உட்கார்ந்துகொள்ளும். அதை நாற்றாக இருக்கும்போதே பிடுங்கிவிட வேண்டும். வேர் ஊன்றிய பிறகு அதோடு மல்லுக்கு நிற்க ஜுல்பிகர் கானாலும் ஆகாது.

எஞ்சியிருப்பது நெருப்பு. நம் வறண்ட காடுகளில் தானாகப் பற்றும் தீ அபூர்வம். மனிதன் வைப்பதுதான் அநேகமாக எல்லாம். புதுப் புல் முளைக்கட்டும் என்று வைப்பதுண்டு; அஜாக்கிரதையால் விழுவதும் உண்டு. 2018 மார்ச் 11-ல் தேனி ஜில்லாக் குரங்கணி மலையில் பற்றிய தீயில் மலையேறப் போனவர்கள் இருபத்துமூன்று பேர் மாண்டதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். செஞ்சிக் குன்றுகளில் மாசி பிறந்தது முதல் வைகாசி முடியும் வரை புல் பஞ்சு போலக் காய்ந்திருக்கும். புயல் அடித்ததற்கு அடுத்த கோடையிலோ முறிந்த கிளையும் அதோடு சேர்ந்துகொள்ளும். கோடை விடுமுறையில் குழந்தை குட்டிகளோடு ராஜகிரி ஏறுகிற குடும்பங்கள் இதை வாசிக்குமானால், கட்டுச்சோறும் தண்ணீரும் தாராளமாக எடுத்துப் போகட்டும். தீப்பெட்டியை மட்டும் அடிவாரத்தில் வைத்துவிட்டுப் போகட்டும். உச்சிக்குப் போகும் மரப்பாலத்தில் நின்று கீழே பாருங்கள். பிளவில் ஒரு காயா நின்றால், ஏப்ரல் மாதத்தில் அது நீலமாகப் பூத்திருக்கவும் கூடும்.